ச்சியா, உமுன்னாவா: இக்போ மனிதரைத் தாங்குவது எது?

தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடம் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. 'ச்சி' என்பது பரம்பொருளான சுக்வு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரும் தெய்வக்கூறு. உடன்பிறந்தவர்களே ஆனாலும் இருவருக்கு ஒரே ச்சி கிடையாது. 'ஒருவர் சரியென்றால் அவர் ச்சியும் சரியென்னும்' என்பது அவர்கள் பழமொழி. விதியோடு பேரம் பேசும் அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்தது. ச்சி மறுத்தால் எந்த முயற்சியும் பலிக்காது என்பதையும் அதே மக்கள்தான் சொல்வார்கள்.

உமுன்னா, தந்தைவழிப் பங்காளிகள் கூட்டம். நிலம், கல்யாணம், சண்டை எல்லாம் அங்கேதான் பேசித் தீரும். கோலாக்கொட்டையை, அதாவது சடங்குகளில் பகிரும் கசப்பான ஒரு ஆப்பிரிக்க மர விதையை, வைத்து வேண்டி, உடைத்துப் பகிர்ந்த பிறகே பேச்சு. 'பருந்தும் அமரட்டும், கழுகும் அமரட்டும். தடுப்பவரின் சிறகு ஒடியட்டும்' என்பார்கள்.

அன்றாடத்தில் உமுன்னாவின் கைதான் ஓங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒருவர் ஏன் உயர்ந்தார், ஏன் வீழ்ந்தார் என்று கேட்டால் மட்டும் பங்காளிகளே ச்சியைக் காட்டுவார்கள்.