கொல்லிப்பாவை: புது நாவலா, பழைய பாட்டா?

கொல்லிமலையைக் காக்கிற பெண் உருவம் என்று சொல்லப்படும் கொல்லிப்பாவையை வைத்து வந்திருக்கும் திகில் நாவலை வாங்கலாமா என்று சேலத்தில் என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லி வருகிறேன்: அதை விடுங்கள், நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பாவை வரும் பாட்டுகளை உரையோடு எடுத்துப் படியுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன். எழுதியவருக்கு இது முதல் புத்தகம் என்பதால் நாவலின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

விலையைப் பார்த்தால் பாட்டுதான் லாபம். உ.வே.சா.வின் 1937 குறுந்தொகைப் பதிப்பைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் காசில்லாமலே படிக்கலாம். படிக்கச் சுலபம் என்றால் சந்தேகமே வேண்டாம், நாவல்தான். சேலத்தில் ரயில் ஏறினால் சென்னை போவதற்குள் முடிந்துவிடும், பாட்டுக்கோ உரையும் பொறுமையும் வேண்டும். சரி, இதெல்லாம் பெரிய விஷயமில்லை.

பாவை என்ன செய்வாள், என்ன செய்யமாட்டாள் என்பதுதான் விஷயம். நாவலில் அவள் பாறையிலிருந்து இறங்கி வருகிறாள். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், நீள நகம், நடுராத்திரி. கொண்டை ஊசி வளைவில் கல்லூரிப் பிள்ளைகள் வரும் வேனின் முன்கண்ணாடி மேல் பாய்ந்து விழுகிறாள், டிரைவரின் கழுத்தைக் கடிக்கிறாள். இந்தப் பெண் பேயை எந்த ஊர்ப் புளியமரத்திலும் பார்க்கலாம். பெயரை மட்டும் மாற்றி ஏற்காட்டுக் கரடிக் குகையில் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு வரிகூடத் திருத்த வேண்டியிருக்காது.

நம் பக்கத்துக் கதையில் அவள் எங்கும் போவதில்லை. மலையைக் காக்க நிறுத்திவைத்த உருவம் அது. அரக்கர்கள் வந்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பில் மயங்கி அவர்களாகவே கிட்டே போவார்கள், செத்துப்போவார்கள். துரத்தி வரும் பேயிடமிருந்து ஓடித் தப்பிக்கலாம், ஆனால் நின்ற இடத்திலேயே நின்று சிரிக்கிற ஒன்றை நோக்கி நம் காலே நம்மைக் கூட்டிக்கொண்டு போனால் எங்கே ஓடுவது? இவ்வளவு பெரிய பயத்தைக் கையில் கொடுத்திருக்கிறது கதை, அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நகத்தை நம்பியிருக்கிறார் எழுத்தாளர். எனக்கு ஆறவே இல்லை.

நற்றிணை 201-ஐ எடுத்துப் பாருங்கள். அந்தக் குறவர் வீட்டுப் பெண் உனக்குக் கிடைக்கமாட்டாள், மறந்துவிடு என்று காதலனிடம் தோழன் சொல்கிறான். அதற்குக் காதலன் சொல்லும் பதில்: காற்று மோதினாலும், மழை அடித்துப் பெய்தாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் கொல்லிமலைப் பாவை உருக்குலையாமல் நிற்பதுபோல அவள் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள். காதல் பாட்டுதான், ஆனால் ஓர் உருவம் மனதுக்குள் வந்து நின்றுகொண்டு என்ன செய்தாலும் போகமாட்டேன் என்கிறதே, எனக்கு முதுகு சில்லிட்டது அங்கேதான். நற்றிணை 192-இல் இன்னும் ஒரு படி மேலே: பூதம் செய்த பாவை இளவெயிலில் தோன்றுகிறது. காலை வெளிச்சத்தில்! நாவலாசிரியர் இதைப் பார்த்திருந்தால் நடுராத்திரியை நம்பியிருக்கவே மாட்டார்.

நாவலில் நல்லதே இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டாம் அத்தியாயத்தில் வாசலில் மிளகு காயவைக்கும் ஒரு கிழவி, துழாவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள். பூச்சிச் சத்தம் நின்றுபோயிருக்கிறது. வேறொன்றும் நடக்கவில்லை. அருமையான பக்கம் அது. அப்புறம், பாக்சைட் இருக்கிறதா என்று பார்க்க வரும் ஆள் ஒருவன். கொல்லிமலையிலும் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலும் பாக்சைட் வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்ததுதான். மலையைக் காக்க நிற்பவள், மலையைத் தோண்ட வருபவனைப் பார்த்துச் சிரித்தால் அது எப்பேர்ப்பட்ட நாவலாக இருந்திருக்கும்! ஆனால் அவனைப் பாதியில் ஊருக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைக் கொல்லப் போய்விடுகிறது கதை.

இன்னொரு எரிச்சல். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. நாவலில் இருபதாவது வளைவு முடிந்ததும் மலை உச்சி வந்துவிடுகிறது. இருபது ஏற்காட்டுக் கணக்கு. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் 1997 வரை நம் சேலம் மாவட்டத்தோடுதான் இருந்தது என்றாலும் இரண்டு மலையையும் இப்படிக் கலக்கக் கூடாது.

மலைமேல் எட்டுக்கை அம்மனைப் பாவை என்று சொல்லித்தான் கும்பிடுகிறார்கள். அந்த அம்மனை ரத்தம் குடிக்க வைத்ததை மலைக்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அங்கே பழக்கமில்லை. எனக்கே படிக்கச் சங்கடமாக இருந்தது. நாவலின் ஒலிவடிவத்தைக் கொஞ்சம்தான் கேட்டேன், குரல் நன்றாக இருந்தது. நீளப் பயணத்துக்குப் பேச்சுத் துணை வேண்டும், பயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு அது போதும்.

மற்றவர்கள் நற்றிணை 201-இல் தொடங்குங்கள், பிறகு 192, அப்புறம் குறுந்தொகையில் 89-உம் 100-உம். முதல் தடவை உரையை மட்டும் படித்துவிட்டு, இரண்டாம் தடவை பாட்டை வாய்விட்டுப் படியுங்கள்.