வாசலுக்கே வந்த டீசல், 1,38,000 ரூபாய் காலி. வண்டி வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

இன்று மதியம்தான் ஒர்க்‌ஷாப்பில் பணம் கட்டினேன். 1,38,000 ரூபாய். நான்கு இன்ஜெக்டர் (என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுவது), ஹை பிரஷர் பம்ப், டேங்க்கைக் கழற்றிக் கழுவிய கூலி. பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) லோடு வண்டி, வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆர்டர் போட்டால் இடத்துக்கே வந்து டீசல் ஊற்றும் ஆப் ஒன்று, பேர் வேண்டாம். பங்க்கைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, மொத்தமாக எடுப்பதால் தள்ளுபடி என்றார்கள். வந்த பையன் நான் கேட்காமலே கண்ணாடி ஜாரில் டீசலைப் பிடித்து, டென்சிட்டி (ஒரு கன மீட்டர் டீசல் எத்தனை கிலோ என்ற அடர்த்தி) பார்க்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, தெர்மாமீட்டரையும் போட்டு, "அண்ணே, நீங்களே பாருங்க, 15 டிகிரிக்கு மாத்தினா டென்சிட்டி 830 வருது, சுத்தமான பிஎஸ்6" என்று அட்டவணையில் விரல் வைத்துக் காட்டினான். லேசான மஞ்சள், தெளிவு, அடியில் ஒரு தூசி இல்லை. பங்க்கில் நாம் கேட்டால்தான் டென்சிட்டி பார்ப்பார்கள், இவன் தானாகவே பார்க்கிறானே என்று அங்கேதான் நம்பினேன்.

ஆனால் 830 வந்தால் மட்டும் அது பிஎஸ்6 ஆகிவிடாது. லேசான மண்ணெண்ணெயையும் கனமான எல்டிஓவையும் (லைட் டீசல் ஆயில்) அளவு பார்த்துக் கலந்தால் அதே எண் வரும். தரத்தைப் பிரிப்பது கந்தகமும் சீட்டேன் எண்ணும் (டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றிக்கொள்ளும் என்பதன் அளவு). கந்தகம் பிஎஸ்3ல் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) வரை, பிஎஸ்4ல் 50, ஏப்ரல் 2020ல் நாடு முழுக்க வந்த பிஎஸ்6ல் வெறும் 10. சீட்டேன் குறைந்தது 51 இருக்க வேண்டும். இரண்டையும் லேபில்தான் பார்க்க முடியும். எல்டிஓ பாய்லருக்கும் மெதுவாக ஓடும் என்ஜினுக்குமான சரக்கு. மண்ணெண்ணெயில் வழுவழுப்பு குறைவு, காமன் ரெயில் பம்ப்போ, அதாவது அந்த ஹை பிரஷர் பம்ப்போ, டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் ஓடுகிறது. என் வண்டியின் ஃபில்டரைக் கவிழ்த்தபோது மினுமினுவென்று இரும்புத்தூள் கொட்டியது, பம்ப் தன்னையே தின்றிருக்கிறது! கந்தகம் கூடுதலாக இருந்தால் டிபிஎஃப்பும் (புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்துக்கொள்ளும், அதன் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆப்பில் புகார் போட்டேன், "தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடிவிட்டார்கள். போன் செய்தால், "டென்சிட்டி பார்த்துட்டுத்தானே சார் கையெழுத்து போட்டீங்க" என்கிறார்கள். அந்த ஜாரைக் காட்டியதே இதற்குத்தான். பையனின் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். வண்டிக் கம்பெனிக்காரர்கள் எரிபொருள் கோளாறுக்கு வாரண்டி இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஆக 1,38,000 ரூபாயும் என் தலையில்.

எந்த டீசல் எதற்கு என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். பில்லில் ஹைஸ்பீட் டீசல் (பங்க்கில் வண்டிக்கு ஊற்றும் வழக்கமான டீசல்) என்றும் எந்த ஆயில் கம்பெனி சரக்கு என்றும் இல்லாவிட்டால் டேங்க் மூடியைத் திறக்காதீர்கள். பயோடீசல் என்று சொல்லி ஃபுல் டேங்க் ஊற்ற வந்தால் விரட்டுங்கள், டீசலில் 7 சதவீதம் வரைதான் அது கலக்கலாம். பங்க்கில் டென்சிட்டி கேட்டால், அன்றைக்கு இறங்கிய லோடின் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 3க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வெளியில் வாங்கினால் ஊற்றும் முன்பே ஒரு லிட்டர் தனியாகப் பிடித்து வையுங்கள்.

டேங்கில் மிச்சமிருந்ததை ஒரு கேனில் சீல் வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை லேபுக்குப் போகிறது. ரிப்போர்ட் வந்ததும் நுகர்வோர் கோர்ட்டில் போடுகிறேன், 1,38,000 ரூபாயையும் கேட்டு.