எங்கள் ஏரியாவில் புதன்கிழமை தடுப்பூசி

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டுப் பக்கமுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் என் மகளுக்கு எல்லாத் தடுப்பூசியும் போடுகிறோம். பைசா செலவில்லை. தனியாரில் இதற்கு ஆயிரக்கணக்கில் ஆகும்.

மூன்றரை மாதத்துக்கு இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியா ஊசி, கையில் போலியோ ஊசி, அப்புறம் வாயில் சொட்டு மருந்து. பென்டாவேலன்ட் ஒன்றே தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைட்டிஸ் பி, மூளைக்காய்ச்சல், நிமோனியா உண்டாக்கும் ஹிப் கிருமி என ஐந்துக்கும் காவல்.

அங்குள்ள நர்ஸம்மாவுக்காகவே இந்த இடத்தைச் சொல்வேன். "ஒரே ஊசிய எதுக்கும்மா மூணு தடவை போடுறீங்க?" என்று என் மாமியார் கேட்டார். அத்தனை கூட்டத்திலும் நின்று பதில் சொன்னார்: "மொத தடவை உடம்பு கிருமிய அடையாளம் கண்டுக்கவே நாளாகும்மா. அப்போ உண்டாகிற எதிர்ப்பு சக்தி போகப்போகக் குறைஞ்சிடும். ஆனா அந்தக் கிருமிய ஞாபகம் வச்சிருக்கிற அணுக்கள் உடம்புல தங்கிடும். அடுத்த ஊசி போட்டா அதுங்க சட்டுனு பெருகி, முன்னவிட பலமா எதிர்க்கும்." தட்டம்மை ஊசிக்கு மட்டும் ஏன் ஒன்பது மாதம் என்று நானும் கேட்டேன். அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குழந்தை உடம்பில் கொஞ்ச மாதங்கள் இருக்குமாம். அதற்குள் போட்டால் மருந்தை அதுவே முறித்துவிடும் என்றார்.

மருந்துக் குப்பியையும் காட்டச் சொல்லிப் பாருங்கள். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெளிர் நிறத்தில் சதுரம். சூடு படப்படச் சதுரம் கருத்துக்கொண்டே போகும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. நாங்கள் பார்த்தபோது சதுரம் நன்றாக வெளுத்தே இருந்தது.

குறை என்றால் உட்கார இடம் போதவில்லை. ஒவ்வாமை வந்தால் உடனே கவனிக்க வேண்டும் என்பதால் ஊசி போட்டபின் அரை மணி நேரம் இருக்கச் சொல்கிறார்கள். சரியான ஏற்பாடுதான், ஆனால் கைக்குழந்தையோடு நின்றுகொண்டே இருப்பது பெரும்பாடு. இன்னும் நாலு பெஞ்சு கட்டாயம் வேண்டும். சீக்கிரமே போய்விடுங்கள்.

அன்று இரவு மகளுக்கு லேசாகக் காய்ச்சல். எதிர்ப்பு மண்டலம் வேலையைத் தொடங்கினால் அப்படி வரும் என்று நர்ஸம்மா முன்பே சொல்லி, எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவையும் எழுதித் தந்திருந்தார். மருந்துக் கடையில் எதிர்ப்பு சக்தி டானிக் என்று ஒன்றை நீட்டினார்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலும் எழுதித் தந்த மருந்தும் தவிர எதுவும் கூடாது என்று என் மனைவி திருப்பிக் கொடுத்துவிட்டாள். அட்டையில் அடுத்த தேதி குறித்தாயிற்று, தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கும் இங்கேதான் வருவோம்.