குடித்தொகையியல் படிக்க எங்கே போவது: கொழும்பா, யாழ்ப்பாணமா?

அக்காவின் மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. கலைப்பிரிவு, இசட் புள்ளி நன்றாகவே இருக்கிறது. "மாமா, சனத்தொகை பற்றித்தான் படிக்கோணும். முதலாவதா எந்தக் கம்பஸைப் போடுறது?" என்று வந்து நின்றாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் கிளிநொச்சியில் நானும் என் வகுப்புத் தோழி ஒருத்தியும் இதே கேள்வியோடு திரிந்தோம். அவள் கொழும்புக்குப் போய்க் குடித்தொகையியலையே சிறப்புப் பாடமாக எடுத்தாள். நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் எடுத்து, அதற்குள் குடித்தொகையைப் படித்தேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் யாழ்ப்பாணக் கட்சி.

வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, அது இருக்கிற பம்பைமடு எங்களுக்குக் கிட்டவும்தான். ஆனால் அங்கே புள்ளிவிபரப் பக்கம் போகக் கணிதம் படித்திருக்க வேண்டும். கலைப்பிரிவுப் பிள்ளைக்குச் சரிவராது. அறை வாடகை, சாப்பாடு, பயணச் செலவு எல்லாம் யாருக்கும் தெரிந்த கதை, விடுவோம்.

கொழும்பின் பலம் சின்னதல்ல. கலைப்பீடத்தில் இந்தப் பாடத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. எங்களுக்குத் தொட்டுக் காட்டியதை அவர்கள் தோண்டிப் பார்ப்பார்கள். ஓர் உதாரணம்: 1946இல் ஆயிரத்துக்குச் சுமார் 20 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1947இல் சுமார் 14க்கு இறங்கியது. டீடீடீ பூச்சிமருந்து தெளித்து மலேரியாவை அடக்கியதுதான் காரணம் என்று நான் ஒரு வரியில் படித்துப் பரீட்சை எழுதினேன். தோழியோ அதில் டீடீடீயின் பங்கு எவ்வளவு, சாப்பாடும் ஆஸ்பத்திரியும் எவ்வளவு என்று மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துப் பார்த்தாள். வன்னிக் காட்டு நுளம்பைப் பற்றி அறியக் கொழும்புக்குத்தான் போகவேண்டியிருந்தது, பாருங்கள். தொகைமதிப்புத் திணைக்களமும் பத்தரமுல்லையில், பஸ்ஸில் போகிற தூரம்.

பிறகு ஏன் யாழ்ப்பாணம்? பின்னத்தில் கீழே வருகிற எண்ணுக்காக.

பிறப்பு வீதம் என்றால் பிறப்புகளை நடுவருடக் குடித்தொகையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவது. மேலே உள்ள எண்ணைப் பதிவேட்டில் எடுக்கலாம். கீழே உள்ள எண்ணுக்கு வன்னியில் எங்கே போவது? 1981க்குப் பிறகு 1991இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எண்ண முடியவில்லை. அடுத்தது 2012. முல்லைத்தீவு 1981இல் சுமார் 77 ஆயிரம், 2012இல் 92 ஆயிரத்துச் சொச்சம். சூத்திரத்தில் போட்டால் வருடத்துக்கு 0.6 வீதம்போல வளர்ச்சி என்று அழகாக விடை வரும். அப்படி அமைதியாக வளர்ந்த வருடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். இடையில் 1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்கு வந்தது. 2009இல் ஊரே வெறுமையாகி எல்லாரும் மனிக்பாம் அகதி முகாமில். கிளிநொச்சி இன்னும் சிக்கல்: 1984இல்தான் தனி மாவட்டமானது, 1981 கணக்கில் அது யாழ்ப்பாணத்துக்குள் கிடக்கிறது.

இந்த ஓட்டையோடு எப்படி வேலை செய்வது என்பதை நான் படித்தது விசுவமடுப் பக்கம், இரண்டாம் வருடக் கள ஆய்வில். ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து "வீட்டில எத்தனை பேர் அம்மா?" என்று கேட்டேன். "ஆறு." வாசலில் இரண்டு சோடிச் செருப்புத்தான் கிடந்தது. அவரும் புருஷனும். மூத்தவன் சுவிஸில். அடுத்தவள் கட்டிப்போனது வவுனியாவுக்கு. கடைக்குட்டி கார்மென்ட்ஸில், ஞாயிறில் மட்டும் வருவாள். ஐந்துதானே வருகிறது? கேட்டேன், அவர் தேத்தண்ணி போட எழும்பிவிட்டார். இருக்கிற இடத்தில் எண்ணுவதா, வழமையாக வசிக்கிற இடத்தில் எண்ணுவதா என்று பாடத்தில் இரண்டு முறை இருந்தது. ஆறாவது ஆள் இரண்டிலும் அடங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனேன். அப்போதுதான் சொன்னார்: "நடுவிலான். 2009க்குப் பிறகு தகவல் இல்லை. அவனையும் எழுது தம்பி." விரிவுரையாளரிடம் காட்டினேன். படிவத்தில் புதிதாக ஒரு நிரல் கீறச் சொன்னார்.

ஏ9 வீதியில் ஒரு பஸ் ஏறினால் திரும்பப் போகலாம் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது. தோழியும் கள ஆய்வு செய்தாள், கொழும்பு மாடிக் குடியிருப்பில், சிங்களம் தெரிந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு. இரண்டாம் முறை போக அந்தச் சிங்களம் தெரிந்தவள் வரவில்லையாம்.

வேலை விஷயத்தில் நான் அடித்துப் பேச மாட்டேன். தோழி கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறாள், நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். சம்பளத்தில் அவள் கை ஓங்கித்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேரை மாதிரியாக எடுத்து முடிவு சொன்னால் எங்கள் இருவரின் ஆசிரியர்களும் சிரிப்பார்கள். எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று காட்டும் ஆயுள் அட்டவணை போடவேண்டி வந்தால் இன்றைக்கும் அவளுக்குத்தான் கோல் எடுக்கிறேன். மருமகளுக்கு அந்த நம்பரையும் கொடுத்திருக்கிறேன்.