டர்பனில் நாய் பூனை ஹார்மோன் டெஸ்ட்: டிசம்பர் பயணக் குறிப்பு

டிசம்பர் லீவுக்கு டர்பன் வருகிறவர்கள் தலையில் தவறாமல் விழும் வேலை ஒன்று உண்டு: அப்பா அம்மா மாதக்கணக்காகத் தள்ளிப்போட்ட நாய், பூனை செக்கப். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் இந்த முறை கவனித்தவை, அடுத்து வருகிறவர்களுக்காக.

ரத்த அணுக்கள், சர்க்கரை, கிட்னி எல்லாம் கிளினிக் மெஷினிலேயே அன்றைக்கே தெரிந்துவிடும். ஹார்மோனும் வைட்டமினும் பெரும்பாலும் வெளி லேபுக்குப் போகும். சில டெஸ்டுக்கு ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வரை, கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர் கூரியர். பிரிட்டோரியாவுக்கு வடக்கே ஆண்டர்ஸ்டபோர்ட்டில் 1908-லிருந்து கால்நடை ஆய்வு நடக்கிறது. அங்கே இருக்கும் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாம்பிள் கெடுவது அங்கே போய்ச் சேருவதற்கு முன்னால்தான்.

முதலில் சாப்பாடு. நன்றாகச் சாப்பிட்டும் எலும்பும் தோலுமாக இளைக்கிற நாய்க்குக் கணையம் பார்க்க டி.எல்.ஐ. என்ற ரத்த டெஸ்ட், கூடவே பி12, ஃபோலேட் வைட்டமின்கள் கேட்பார்கள். 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் கொடுக்கலாம். முந்தின ராத்திரி ‘பன்னி சௌ’வில் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றித் தரும் டர்பன் சாப்பாடு) மிஞ்சிய மட்டன் குழம்பை யாராவது பாசத்தில் ஊற்றியிருந்தால் ட்யூப் காட்டிக்கொடுத்துவிடும்: வைக்கோல் நிறத்தில் தெளிவாக நிற்க வேண்டிய சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீர்) மோர் மாதிரி வெளுத்து நிற்கும். (அந்தக் குழம்பு வெங்காயம் நாய் பூனையின் சிவப்பணுவையே உடைக்கும், அது தனிக் கதை.)

சீரம் ரோஸ் நிறமாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலும் ட்யூபைக் குலுக்கினாலும் இப்படி ஆகும். அணுவுக்குள் இருக்கும் ஃபோலேட் வெளியே கொட்டி அளவு பொய்யாக ஏறும். இன்சுலின் சிதைந்து குறைவாகத் தெரியும். ரத்தம் அரை மணி நேரம் உறைந்ததும் மெஷினில் சுழற்றி, சீரத்தைத் தனி ட்யூபுக்கு மாற்றி, ஐஸ் பேக்கோடு அனுப்ப வேண்டும். சுழற்றிய ட்யூபைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பார்த்தாலே தெரிந்துவிடும்.

தைராய்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம். கோடையில் இங்கே உண்ணிக் கடியால் பிலியரி என்கிற காய்ச்சல் வரும். கிருமி பபீசியா ரோசி, நாய்களைக் கொல்லக்கூடியது. எந்தக் கடும் நோயிலும் தைராய்டு ஹார்மோனான டி4 தானாக இறங்கும். பிலியரி படுக்கையில் இருக்கும் நாயின் டி4-ஐப் பார்த்துவிட்டு ஆயுசுக்கும் தைராக்சின் மாத்திரை ஆரம்பிப்பது தப்பு. நாய் தேறிய பிறகு டி4-ம், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்-சும் சேர்த்துப் பாருங்கள். பிரெட்னிசோலோன், வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன் கொடுத்தாலும் டி4 இறங்கும், மருந்துப் பட்டியலை மறைக்காதீர்கள்.

குஷிங் (உடம்பில் கார்ட்டிசால் ஹார்மோன் மிதமிஞ்சும் நோய்) சந்தேகத்துக்கு டெக்ஸாமெதசோன் டெஸ்ட்: ஊசிக்கு முன், 4 மணி, 8 மணி என்று மூன்று தடவை ரத்தம். ஒரு முழு நாள் கிளினிக்கில் போகும். புதுவருஷ வெடிச் சத்தத்துக்கு மறுநாள் வேண்டாம். பயத்திலேயே கார்ட்டிசால் ஏறியிருக்கும். இந்த டெஸ்டுக்கு முன் வீட்டிலேயே காலை முதல் சிறுநீரைப் பிடித்து கார்ட்டிசால்-கிரியாட்டினின் விகிதம் பார்ப்பது மலிவு, நாய்க்கும் நிம்மதி. கிளினிக் போய் வந்து இரண்டு நாளாவது கழித்துப் பிடியுங்கள். நார்மல் என்றால் குஷிங் அநேகமாக இல்லை. கூடியிருந்தால் மட்டும் குஷிங் என்று சொல்ல முடியாது.

புரட்டாசியில் வீடு சைவமாகிவிடும். பூனைக்கு அந்த விரதம் கிடையாது. ஒரு மாதத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் வருஷம் முழுக்கத் தயிர்ச் சோறு என்றால் இறைச்சியில் கிடைக்கும் டாரின் என்ற சத்து குறையும். பூனையால் அதைப் போதுமான அளவு உடம்பில் செய்துகொள்ள முடியாது. இதயம் விரிந்து பலவீனமாகும், விழித்திரையும் கெடும். டாரின் அளவு பார்க்க, ரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பரின் ட்யூபில் முழு ரத்தமாக எடுப்பது நல்லது, வெறும் பிளாஸ்மா அளவு அண்மையில் சாப்பிட்டதைத்தான் காட்டும். குட்டி நாய்க்குச் சோறும் எலும்பில்லாத கோழியும் மட்டும் கொடுப்பவர்கள், ரத்தக் கால்சியம் நார்மல் என்று சந்தோஷப்பட வேண்டாம். உடம்பு எலும்பைக் கரைத்து அந்த நார்மலைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் யூனிட்டைப் பாருங்கள். இங்கே டி4 லிட்டருக்கு நானோமோல் கணக்கு. இந்தியாவிலும் அமெரிக்காவிலும் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராம். இங்கே 10 என்று வந்தால் அங்கே 0.8, அதாவது குறைவு. நெட்டில் “நார்மல் 1 முதல் 4” என்று படித்துவிட்டு, நாய்க்குத் தைராய்டு எகிறிவிட்டது என்று பதறுகிறவர்கள் உண்டு. டி4-ஐ 12.87-ஆல், கார்ட்டிசாலை 27.6-ஆல் வகுத்தால் கணக்கு சரியாகும்.

தேதி முக்கியம். டிசம்பர் 16, 25, 26, ஜனவரி 1 விடுமுறை. வெள்ளிக்கிழமை எடுத்த சாம்பிள் வாரக்கடைசியில் எங்காவது தங்கும் அபாயம் உண்டு. திங்கள் முதல் புதனுக்குள், டிசம்பர் முதல் பாதியிலேயே எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட்டை லேபின் நார்மல் அளவுகளோடு பி.டி.எஃப். ஆக வாங்கி வையுங்கள்.