தமிழ்ச் சொல்லை எங்கே வெட்டுவது: பகுப்பி, மார்ஃபெசர், சென்டன்ஸ்பீஸ், பைட்

"மரங்களிலிருந்து" என்ற சொல்லில் 9 எழுத்துகள். கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது 15 குறியெண்கள் (துணையெழுத்துக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண்). யூடிஎஃப்-8 என்ற முறையில் சேமித்த கோப்பில் 45 பைட். இலக்கணப்படி பார்த்தால் மரம், கள், இல், இருந்து என 4 உறுப்புகள். மொழிபெயர்ப்புப் பொறியோ தேடுபொறியோ மொழி மாதிரியோ எதைக் கட்டினாலும், இந்த நான்கில் எதை அலகாக எடுப்பது என்ற கேள்வி முதல் நாளே வந்து நிற்கும்.

தமிழில் இது சிக்கலாவதற்கு முதன்மைக் காரணம், உறுப்புகளின் எல்லை பெரும்பாலும் எழுத்தின் நடுவில் விழுவதுதான். கள், இல் இரண்டும் சேர்ந்தால் "களில்" ஆகிறது; ளகர மெய்யும் இகரமும் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. அந்த இடத்தில் குறியெண்களுக்கு நடுவே வெட்டினால் இடப்பக்கம் "மரங்கள" என்று புள்ளி இல்லாமல் நிற்கும். வலப்பக்கத் துண்டு துணையெழுத்தில் தொடங்கும். தனியாக வாசிக்கவே முடியாது. போதாததற்குப் புணர்ச்சி வேறு: மரம், மரங், மரத்து மூன்றும் ஒரே சொல் என்பது துண்டுகளைப் பார்த்தால் தெரியாது.

விதிவழிப் பகுப்பி

இலக்கண விதிகளையும் அடிச்சொல் பட்டியலையும் முடிவுநிலை மாற்றியாக, அதாவது சொல்லைப் படித்துப் பகுப்பை எழுதித் தரும் விதிவலையாகத் தொகுப்பது பழைய வழி. இன்று திறந்த மூலமாகக் கிடைப்பவற்றில் நம்பி எடுக்கக்கூடியது தமிழிமார்ஃப். சர்வேஸ்வரன், கிகான் டயஸ், மிரியம் பட் ஆகியோர் இத்தகைய மாற்றிகளைக் கட்டும் ஃபோமா கருவியில் கட்டி 2021-இல் வெளியிட்டது. "மரங்களிலிருந்து" என்று கொடுத்தால் அடிச்சொல் மரம், பெயர், பன்மை, நீங்கல் வேற்றுமை என்று சொல்லிவிடும். அதே வலையைத் திருப்பி ஓட்டினால் அடிச்சொல்லிலிருந்து சொல்வடிவத்தை உருவாக்கும். மற்ற மூன்று வழிகளுக்கும் இது வராது. எழுத்தின் நடுவில் விழும் எல்லையும் இதற்குத் தொல்லையே அல்ல. ஏனென்றால் இது சொல்லை வெட்டுவதில்லை, மீட்டு எழுதுகிறது.

சறுக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, பல விடைகள். "அவரை" என்றால் அவர் என்பதன் இரண்டாம் வேற்றுமையா, காயா? "வேலை" என்றால் பணியா, வேல் என்பதோடு ஐ சேர்ந்ததா? பகுப்பி எல்லா விடைகளையும் கொட்டும். சூழலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வகைக் குறிப்பான் ஒன்று பின்னால் வேண்டும். அதைப் பயிற்றக் குறியிட்ட தரவு வேண்டும். பலரும் கைவைக்கும் யூடி தமிழ் டிடிபி என்ற, இலக்கணம் குறியிட்ட வாக்கியங்களின் மரவங்கியிலோ மொத்தம் 600 வாக்கியங்கள்தான், அதிலும் பயிற்சிக்கு 400.

இரண்டாவது, பட்டியலில் இல்லாத சொற்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், "அப்லோடு" வகையறா, "வந்துட்டாங்க", "போய்ட்டு" போன்ற பேச்சு வடிவங்கள் எல்லாம் விடையில்லாமல் திரும்பும். செய்தித்தாள் நடையில் நன்றாக ஓடும் பகுப்பி, யூடியூப் கருத்துகளில் முடங்கிவிடும். இடைவெளியும் கழுத்தை அறுக்கும்: "வந்துவிட்டான்" என்பதையே பாதிப் பேர் "வந்து விட்டான்" என்று எழுதுகிறார்கள்.

மார்ஃபெசர்

ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிரோட்ஸும் லாகுஸும் 2002-இல் தொடங்கிய வழி. குறியிடாத சொற்பட்டியலைக் கொடுத்தால், துண்டுகளின் அகராதியும் அந்த அகராதியால் எழுதிய தரவும் சேர்ந்து மிகச் சுருக்கமாக அமையும்படி தானே துண்டுகளைக் கண்டுபிடிக்கும். ஃபின்னிஷுக்காகப் பிறந்தது, ஒட்டுநிலை மொழி என்பதால் தமிழுக்கும் பொருந்தும் என்ற ஆசை இயல்பு.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எண்ணிக்கையை எப்படிக் கொடுக்கிறோம் என்பது. ஓடும் உரையை அப்படியே ஊட்டினால் அடிக்கடி வரும் "இருக்கிறார்கள்" போன்றவை வெட்டப்படாமல் முழுதாக நின்றுவிடும். ஒவ்வொரு சொல்லையும் ஒரே ஒரு முறை எண்ணும்படி வைத்தால் விகுதிகள் வெளிவரும். சில நூறு சொற்களைக் கையால் பிரித்துக் கொடுத்தால் இன்னும் தேறும். ஆனால் மரங், மரத்து சிக்கல் அப்படியே இருக்கும். மேல்வடிவத்தை வெட்டத் தெரியுமே தவிர மீட்டு எழுதத் தெரியாது. பயிற்சித் தரவு சில ஆயிரம் வாக்கியங்களே உள்ள சிறு வேலைகளுக்கு மட்டும் இதைக் கையில் எடுக்கலாம்.

பிபிஇ, யூனிகிராம்

இன்றைய மாதிரிகளில் பெரும்பாலானவை நிற்பது இங்கேதான். அடிக்கடி சேர்ந்து வரும் இணைகளை ஒட்டிக்கொண்டே போவது பிபிஇ. சென்ரிச்சும் தோழர்களும் 2016-இல் மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தது. பெரிய துண்டுப் பட்டியலில் தொடங்கி, எடுத்தால் இழப்புக் குறைவான துண்டுகளைக் கழித்துக்கொண்டே வருவது யூனிகிராம். குடோ 2018-இல் முன்வைத்தது. இரண்டும் சென்டன்ஸ்பீஸ் என்ற துண்டாக்கும் கருவியில் உண்டு. பிபிஇ ஒருமுறை ஒட்டியதைப் பிரிக்காது. யூனிகிராம் ஒரு சொல்லுக்குப் பல பிரிப்புகளை எடைபோட்டுப் பார்க்கும். பிந்தையதன் துண்டுகள் விகுதி எல்லையை இன்னும் நெருங்கி வருகின்றன என்று ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் 2020-இல் காட்டியிருக்கிறார்கள். தமிழுக்கும் யூனிகிராமையே எடுங்கள். பயிற்சியின்போது பிரிப்புகளை மாற்றி மாற்றி எடுக்கும் வசதி அதில் உண்டு, பிரிப்புகள் எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் மென்மையளவை 0.1 அல்லது 0.2 வைத்தால் சிறு தரவில் அரிய வடிவங்களுக்கு அது நல்ல உரம்.

சென்டன்ஸ்பீஸின் இயல்பு அமைப்புகள் தமிழைக் கருதி வைத்தவை அல்ல. மூன்றை மாற்றுங்கள், அல்லது குறைந்தது தெரிந்துகொண்டு விடுங்கள். வரி நீள வரம்பு 4192, அதுவும் பைட்டில். தமிழில் அது ஏறத்தாழ 1400 குறியெண்தான். நீண்ட பத்திகளை ஒரே வரியாக வைத்திருந்தால் அவை பயிற்சியில் சேராமலே போகும். பதிவுக் குறிப்பைப் படிக்காதவர் கவனிக்கவும் மாட்டார். வாக்கியம் வாக்கியமாக உடைத்து ஊட்டுங்கள். குறி உள்ளடக்க அளவு (தரவின் குறியெண்களில் எவ்வளவு பங்கை அகராதி ஏற்கும் என்பது) 0.9995 என்றிருக்கும், தமிழ்க் குறியெண்கள் நூற்றுக்கும் குறைவுதான் என்பதால், குப்பைக் குறிகளைத் துடைத்துவிட்டு 1.0 வைக்கலாம். துண்டின் உச்ச நீளம் 16 குறியெண். "மரங்களிலிருந்து" மயிரிழையில் உள்ளே வருகிறது. இதை ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழுச் சொற்கள் அகராதியின் இடத்தை அடைத்துக்கொள்ளும். அகராதி அளவு, தமிழுக்கு மட்டுமான மாதிரி என்றால் 32,000 போதும். ஒரு லட்சத்துக்கும் குறைவான இணை வாக்கியங்களோடு மொழிபெயர்ப்பு என்றால் 4,000 முதல் 8,000.

எழுத்தின் நடுவில் விழும் வெட்டுக்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு முழு எழுத்தையும் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் ஒரே குறியெண்ணாக மாற்றிவிட்டுப் பயிற்றுவது. 247 எழுத்துகளோடு கிரந்தமும் சேர்த்தால் முந்நூற்றுச் சொச்சம், தாராளமாகக் கொள்ளும். அநாதைத் துணையெழுத்து ஒன்றுகூட வராது, ஆனால் ள்-இ எல்லையைக் காணவும் வழி அடைபட்டுவிடும். மற்றது, நேர் எதிர்: எல்லா உயிர்மெய்யையும் மெய்யாகவும் உயிராகவும் பிரித்து, மறைந்திருக்கும் அகரத்தையும் வெளியே எழுதுவது. மெய்யைப் புள்ளியோடு சேர்த்து ஒரே குறியெண்ணாக வைத்தால், நம் சொல் ம்-அ-ர்-அ-ங்-க்-அ-ள்-இ-ல்-இ-ர்-உ-ந்-த்-உ என்று 16 குறியாகும். 15-இலிருந்து ஒன்றே ஒன்றுதான் கூடுதல். கள், இல், இருந்து மூன்றும் சிதையாத துண்டுகளாக வர இப்போது வழி திறக்கிறது. ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இந்தப் பிரிப்புக்கும் சேர்ப்புக்கும் செயல்கூறுகள் தயாராக உள்ளன. இரண்டில் நான் பரிந்துரைப்பது இந்த இரண்டாவதைத்தான். வெளியீட்டை மீண்டும் எழுத்தாகச் சேர்க்கும் படியை மறந்துவிடாதீர்கள்.

பைட்

வெட்டும் தலைவலியே வேண்டாம், பைட்டாக ஊட்டிவிடலாம் என்பது, பைட்டுகளையே படிக்கும் மாதிரியான பைட்-டி5 கட்சி. அறியாச் சொல் என்ற பேச்சே இல்லை. எழுத்துப்பிழை, ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தறிதல்) பிழை, தங்கிலீஷ் கலப்பு எதற்கும் அசையாது. பிழைதிருத்தி கட்டுகிறவருக்கு நல்ல தேர்வு. விலை, நீளத்தில். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட். அவற்றில் முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. ஆக, மூன்றில் இரண்டு பங்கு இடம் கிட்டத்தட்ட எதையும் சொல்லாமல் போகிறது. பைட்-டி5 பயிற்சியில் வரிசை நீளம் 1024 பைட். தமிழில் அது 341 குறியெண். ஒரு நடுத்தரப் பத்திகூட முழுதாக அடங்காது.

பைட்டின் மேல் பிபிஇ ஓட்டும் ஜிபிடி குடும்பத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. துண்டாக்கலுக்கு முன் உரையை ஒரு வடிவக் கோவை (ரெஜெக்ஸ்) பிரிக்கிறது. ஜிபிடி-2 கோவை "எழுத்து" என்ற யூனிகோட் வகையை மட்டும் ஏற்றது. தமிழின் புள்ளியும் துணையெழுத்துகளும் யூனிகோடில் "குறி" என்ற வேறு வகை. அதனால் "தமிழ்" என்பது தம, இகரக் குறி, ழ, புள்ளி என்று நான்காகச் சிதறும். எவ்வளவு தரவு கொட்டினாலும் அவை ஒட்டவே முடியாது. ஜிபிடி-4ஓவின் பிரிப்பானில் குறி வகையையும் சேர்த்தார்கள், அகராதியும் இரட்டிப்பானது. ஓப்பன்ஏஐ 2024-இல் காட்டிய தமிழ் மாதிரி வாக்கியம் 116 டோக்கனிலிருந்து (டோக்கன் என்பது இந்தத் துண்டுதான்) 35-ஆக இறங்கியது.

இதே குறி வகைப் பொறி வேறு இடங்களிலும் காத்திருக்கிறது. பைத்தானின் இயல்பான சொல்-வடிவக் கோவை "தமிழ்" என்பதை தம, ழ என்று திருப்பித் தரும். அதை நம்பியிருக்கும் சைக்கிட்-லேர்ன் நூலகத்தின் சொல் எண்ணியில் தம மட்டும் மிஞ்சும். எழுத்து, குறி இரண்டு வகையையும் வெளிப்படையாகச் சேர்த்துக் கோவை எழுதுங்கள். பன்மொழி பெர்ட் என்ற மொழி மாதிரியின் சிற்றெழுத்துப் பதிப்பு இன்னும் மோசம். ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளை நீக்குவதாக நினைத்து, அகலமில்லாக் குறிகளை எல்லாம் துடைத்துவிடும். தமிழில் அந்த வகையில் விழுபவை புள்ளியும் ஈகாரக் குறியும். பல், பல இரண்டும் ஒன்றாகிவிடும். தீ வெறும் த ஆகிவிடும். அந்தப் பதிப்பைத் தமிழுக்குத் தொடவே வேண்டாம்.

எந்த வழியாக இருந்தாலும்

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் ஒரு குறியெண்ணாகவும் இரண்டாகவும் எழுதப்பட்டுக் கிடக்கும். என்எஃப்சி என்ற யூனிகோட் இயல்பாக்கம் அதைச் சரிசெய்யும். ஆனால் ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயையும் ஶகரத்தில் தொடங்கும் ஸ்ரீயையும் அது ஒன்றாக்காது. ஔவுக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியதையும் திருத்தாது. இரண்டுக்கும் தனி விதி எழுதுங்கள். சுழி அகல இடைவெளியையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான், பிரிப்பான்களையும் முன்பே நீக்குங்கள்.

வல்லினம் மிகுவதையும் பாருங்கள். புத்தகத்தை, புத்தகத்தைக், புத்தகத்தைச், புத்தகத்தைத், புத்தகத்தைப் என ஒரே வடிவம் ஐந்தாகிறது. சொல்லிறுதி க், ச், த், ப் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ஃபேஸ்புக், டிக்டாக் எல்லாம் சேதமாகும். அடுத்த சொல் அதே வல்லினத்தில் தொடங்கினால் மட்டும் வெட்டுங்கள். "ஃபேஸ்புக் கணக்கு" அப்போதும் மாட்டும், அதற்கு ஒரு விலக்குப் பட்டியல். தேடுபொறியில் இது பலன் தரும். உரையை உருவாக்கும் மாதிரியில் செய்யாதீர்கள், ஒற்றுப் போடத் தெரியாமல் வளரும்.

ஒப்பிடும் அளவுகோலிலும் கோளாறு வரும். ஒரு டோக்கனுக்கான குழப்ப அளவை (அடுத்த துண்டை ஊகிக்க மாதிரி எவ்வளவு தடுமாறுகிறது என்பதை) வைத்து வேறுவேறு டோக்கனைசர்களை ஒப்பிடக் கூடாது. துண்டு சிறிதானால் எண் தானாகவே இறங்கும். பைட்டுக்கு எத்தனை பிட் என்று மாற்றிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் சொல் அடிப்படையிலான ப்ளூ மதிப்பெண், ஒரு விகுதி பிசகினாலும் முழுச் சொல்லையும் தப்பென்று தள்ளும்; எழுத்து அடிப்படையிலான கேரெஃப் கொஞ்சம் நியாயமானது. சொல்லுக்கு எத்தனை துண்டு என்ற சராசரியும் பாதிக் கதைதான். அகராதிக் கோப்பைத் திறந்து, துணையெழுத்திலோ புள்ளியிலோ தொடங்கும் துண்டுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மெய்-உயிர் பிரிப்போடு பயிற்றியதில் அந்த எண் சுழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிப்புப் படியில் எங்கோ ஓர் எழுத்து நழுவியிருக்கிறது, பெரும்பாலும் கிரந்தத்தில்.