பயோடீசல்: இன்ஜினுக்கு சுகம், மார்கழிக்கு ஆகாது

"டீசல்ல இருபது சதவீதம் பயோடீசல் கலந்து தர்றாங்க, விலையும் கம்மி, ஊத்தலாமுங்களா?" என்று மேட்டுப்பாளையத்து நண்பர் கேட்டார். பயோடீசல் என்பது சமையல் எண்ணெய் மாதிரியான எண்ணெய், கொழுப்பிலிருந்து எடுக்கும் எரிபொருள். ஊட்டி பக்கத்து முத்தோரை பாலாடாவிலிருந்து கேரட் இறக்கும் என் பழைய பிக்கப் பல மாதம் அதில்தான் ஓடியது. அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

புகை குறைந்தது கண்ணுக்கே தெரிந்தது. உர மூட்டை ஏற்றிக்கொண்டு குன்னூர் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் வரும்போது இன்ஜினின் கடகட சத்தம் நன்றாகத் தணிந்திருந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததிலிருந்து டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழவழப்பும் குறைந்துவிடுகிறது. இரண்டு சதவீத பயோடீசல் சேர்ந்தாலே அது திரும்ப வந்துவிடும். இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்புக்கு நல்லது. மைலேஜ் கொஞ்சம் இறங்கியது, பரவாயில்லை.

மார்கழியில் ஆரம்பித்தது தொல்லை. தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி. விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும், மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் இழுவை போய் நின்றுவிடும். டீசல் ஃபில்டரைக் கழற்றினால் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெள்ளையாக அப்பியிருக்கும். விரலில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடும். வெயில் ஏறியதும் வண்டி தானாகவே சரியாகும். புது ஃபில்டர் மாட்டினாலும் அடுத்த பனிக்கு அதே கதைதான். மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேராத கேரட்டுக்கு யார் விலை கொடுப்பார்கள்?

பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் 13, 14 டிகிரியிலேயே உறைய ஆரம்பித்துக் கலங்கலாகிவிடும். சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் மிஞ்சும் மோனோகிளிசரைடு என்ற கொழுப்பு மிச்சமும் குளிரில் படியும். கலக்காத பயோடீசலுக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 15607. டீசலுக்கு ஐஎஸ் 1460, அதில் 7 சதவீதம் வரை பயோடீசல் கலக்கலாம். 20 சதவீதக் கலவைக்கு ஐஎஸ் 16531 என்று தனியாகவே ஒன்று உண்டு. ஆனால் சாதா டீசலுக்கே குளிர்காலத்தில் ஃபில்டர் அடைக்காமல் இருக்க விதி வைத்திருக்கும் வரம்பு 6 டிகிரிதான், அதற்குக் கீழே உத்தரவாதம் இல்லை. பூஜ்யத்தைத் தொடும் ஊட்டி ராத்திரிக்கு அது எப்படிப் போதும்?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். அமிலம், ஈரம், கிளிசரின் எவ்வளவு என்று டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டேன். "எல்லாம் அப்ரூவ்ட் சரக்குங்ணா" என்றார் விற்றவர். காகிதம் கடைசிவரை வரவில்லை. வயிறு எரிவது அதற்குத்தான்.

கீழேயே ஓடும் வண்டி என்றால், ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் தாராளமாக ஊற்றுங்கள். ராத்திரி மலையில் நிற்கும் வண்டிக்கு வேண்டாம். என் இன்ஜின் இவ்வளவு சுகமாக ஓடியதே இல்லை என்பது சத்தியம். ஆனாலும் இனி சித்திரை வெயிலில்கூட நான் அதை ஊற்றப்போவதில்லை.